உடலுக்கு வண்டியா, வண்டிக்கு உடலா?

சென்ற மாதம் கோவையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து, வழக்கம்போல அரங்கத்துக்கு வெளியே தேநீர் அருந்தியபடி நின்றிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு மிதிவண்டியில் வந்து நின்றது. மிதிவண்டிக்கு முறையாக அளவெடுத்துப் பொருத்திக்கொள்வது பற்றி நான் ஏதோ சொல்ல, நான் மதிக்கும் மூத்த நண்பர் ஒருவர் உரக்கச் சிரித்தார். "சைக்கிள் ஓட்டுறதுக்கு அளவெடுக்கணுமா? நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் அளவெடுத்தா ஓட்டினாங்க? காசு மிஞ்சினவன் கண்டுபிடிச்ச வியாதிங்க இது." சுற்றியிருந்த அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குண்டடத்துக்குத் திரும்பும் பேருந்தில் பல்லடம் தாண்டிய பிறகுதான், நான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

இலக்கியம் பேசும் இடத்தில் இருக்கை உயரமும் முழங்கால் கோணமும் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். உடலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்தவர்கள் நாம். உடலரசியல் என்ற சொல் இல்லாமல் ஒரு காலத்தில் சிற்றிதழே வெளிவந்ததில்லை. அந்த உடல் தினமும் காலையில் ஏறி அமரும் இரும்புச் சட்டத்தைப் பற்றி ஒருமுறையேனும் பேசுவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

*

முதலில் அந்த அப்பன் பாட்டன் வாதத்தைப் பார்ப்போம்.

நம் புனைவுகளிலும் நினைவோடைகளிலும் மிதிவண்டி வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அது குரங்குப் பெடலில்தான் தொடங்கும். பெரியவர்களின் வண்டி. சிறுவனுக்கு இருக்கை எட்டாது. பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பாரையோ இருக்கையையோ பிடித்துக்கொண்டு அரைப் பெடல் அரைப் பெடலாக மிதித்துப் போவான். விழுவான், முழங்கால் சிராய்க்கும், வீட்டில் அடி விழும். பிறகு ஒருநாள் பாருக்கு மேலே ஏறுவான். அன்று அவன் ஆளாகிவிட்டான் என்று கதை முடியும். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு கமலக்கண்ணன் இயக்கிய படம் 2024இல் வந்தபோது அதற்குக் 'குரங்கு பெடல்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஒரு தலைமுறை முழுவதும் கண் கலங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கும் அந்த நினைவு உண்டு. அதன் இனிமையை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவன் ஏன் அப்படி உடலை முறுக்கிக்கொள்ள நேர்ந்தது என்ற கேள்வியை நாம் கேட்டதே இல்லை. விடை எளியது. அவன் உயரத்துக்கான வண்டி அவன் வீட்டில் இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில் சின்ன சைக்கிள் இருந்தது; அதற்குச் சில்லறை வேண்டும். சின்ன வண்டி வாங்கி வைத்திருந்த அந்த வாடகைக் கடைக்காரருக்கு, ஏறப்போகிறவனின் காலுக்கும் வண்டியின் உயரத்துக்கும் தொடர்பு உண்டென்பது தெரிந்திருந்தது. சில்லறை இருந்தவன் அதில் ஏறினான். இல்லாதவன் குரங்கானான். பிறகு எழுத்தாளனாகி, குரங்கானதையே பெருமையாக எழுதினான்.

இல்லாமையை அழகியலாக்குவது நம் சூழலின் பழைய நோய். இல்லாமையில் இருந்தவன் அதைத் தாண்டிவந்த கதையைச் சொல்லட்டும், அது அவன் உரிமை. அதையே சான்றாகக் காட்டி, 'ஆகவே யாருக்கும் அளவு தேவையில்லை' என்று சொல்வது அபத்தம். நம் அப்பன் பாட்டன் கண்ணாடி போடாமலும்தான் படித்தார்கள். அவர்களில் எத்தனை பேர் நாற்பது வயதோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்கள் என்று நாம் கணக்கெடுக்கவில்லை. எத்தனை பேர் முட்டி வலியென்று மிதிவண்டியைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டு நடந்தார்கள் என்பதையும் கணக்கெடுக்கவில்லை. ஓட்டியவர்கள் மட்டுமே நினைவில் நிற்கிறார்கள்.

அந்தப் பாட்டனின் வண்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கறுப்பு வண்ணம், 28 அங்குலச் சக்கரம், கம்பிச் சுருள் வைத்த தோல் இருக்கை, இரும்புக் கம்பி பிரேக். இங்கிலாந்தின் ரோட்ஸ்டர் வகை வண்டியின் நேரடி வாரிசு அது. சென்னையில் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் ஆனாலும், வடக்கிலிருந்து வந்த அட்லஸ், ஹீரோ ஆனாலும் வார்ப்பு ஒன்றுதான். சட்டத்தின் உயரம் பெரும்பாலும் இரண்டே அளவுகளில் வந்தது: 22 அங்குலம், 24 அங்குலம். ஆங்கிலேயத் தபால்காரருக்கும் காவலருக்கும் பொருந்திய உயரம் அது. ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ள கொங்கு நாட்டு விவசாயி அதில் ஏறி அமர்ந்தபோது, பெடல் அடிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு அது ஒரு தாளமாகத் தெரிந்திருக்கலாம். இடுப்பெலும்புக்கு அது தாளமல்ல.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ரோட்ஸ்டர் ஒரு மன்னிக்கும் வண்டி. நிமிர்ந்து உட்காரலாம். அகன்ற இருக்கை. வேகம் குறைவு. உடல் முன்னால் கவிழாததால் கைகளுக்குச் சுமை இல்லை. தவறான அளவிலும் ஓரளவு தாக்குப்பிடிக்க வைக்கும் வடிவமைப்பு அது. நண்பரின் பாட்டனார் தப்பித்ததற்கு அவரது வைராக்கியத்தோடு அந்த வண்டியின் பெருந்தன்மையும் ஒரு காரணம்.

*

எதிர்த்தரப்பைப் பிடித்த பிடியில் என் தரப்பையும் பிடித்தாக வேண்டும். நண்பர் கேலி செய்த அந்தக் 'காசு மிஞ்சினவன் வியாதி' உண்மையிலேயே இருக்கிறது; எனக்கே வந்திருக்கிறது.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராகப் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நாற்பதைத் தாண்டிய பலரையும்போல, கியர் வைத்த வண்டி ஒன்று வாங்கினேன். விடுமுறை நாட்களில் குண்டடத்திலிருந்து பல்லடம் பக்கமும் தாராபுரம் பக்கமும் ஓட்டுவேன். கோவையில் ஒரு காட்சியறையில் முறையான பொருத்துதல் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெயர் வேண்டாம். அசையாமல் பிடித்து நிறுத்திய வண்டியில் ஏற்றினார்கள். கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் புள்ளிகள் ஒட்டினார்கள். பக்கவாட்டில் காமிரா. திரையில் என் கால் வண்ணக் கோடுகளாக ஓடியது. முடிவில் பல பக்கங்களுக்கு அச்சிட்ட அறிக்கை. இருக்கையை உயர்த்தியிருந்தார்கள், ஹேண்டில்பாரைத் தாழ்த்தியிருந்தார்கள். கூடவே புதிய இருக்கை ஒன்றை வாங்கும்படி அன்பான பரிந்துரை.

இரண்டு வாரத்தில் முழங்காலின் பின்புறம் வலிக்கத் தொடங்கியது. மூன்றாவது வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை.

அங்கே என்ன தவறு நடந்தது என்று பிறகு யோசித்தேன். கருவியில் பிழை இல்லை. அசைவை அளக்கும் கருவிகள் வெறும் மாயாஜாலமும் அல்ல. அமெரிக்காவில் கொலராடோவின் போல்டர் நகரில் 2007இல் தொடங்கப்பட்ட ரெட்யூல் நிறுவனம், ஓட்டுபவரின் உடலில் ஒளிப்புள்ளிகள் பொருத்தி மிதிக்கும்போதே கோணங்களை அளக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2012இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் அதை வாங்கியது. திறமையானவர் கையில் அது நல்ல கருவி. (நான் போன கடையில் இருந்தது அதுவல்ல.) பிழை எங்கென்றால், அந்த மூன்று மணி நேரத்தில் என்னை யாரும் எதையும் கேட்கவில்லை. எங்கே ஓட்டுகிறீர்கள், எவ்வளவு தூரம், பகலெல்லாம் என்ன வேலை, முன்பு எங்கேயாவது அடிபட்டதுண்டா என்று எதுவுமில்லை. எண்ணை எடுத்தார்கள், சூத்திரத்தில் போட்டார்கள், ஸ்பேனரைத் திருகினார்கள்.

அந்தச் சூத்திரங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், கணக்கு எளிதுதான். கவட்டிலிருந்து தரை வரை உள்ள உட்கால் நீளத்தை அளக்கிறார்கள். ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967இல் சொன்னபடி, அந்த நீளத்தின் 109 சதவீதம், கீழ்நிலையில் இருக்கும் பெடலுக்கும் இருக்கைக்கும் இடையே இருக்க வேண்டும். எண்பதுகளில் பந்தய வீரர் கிரெக் லெமாண்டின் வழியாகப் புகழ்பெற்ற இன்னொரு கணக்கு, கிராங்கின் மையத்திலிருந்து இருக்கை வரை உட்கால் நீளத்தின் 0.883 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. வழக்கமான 170 மில்லிமீட்டர் கிராங்கை வைத்து இரண்டையும் ஒப்பிடுவோம். உட்கால் நீளம் 82 சென்டிமீட்டர் உள்ளவருக்கு இரண்டு கணக்கும் ஏறத்தாழ ஒரே உயரத்தைத் தரும். 70 சென்டிமீட்டர் உள்ளவருக்கோ முதல் கணக்கு 59.3 என்கிறது, இரண்டாவது 61.8 என்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் வேறுபாடு! இருக்கை உயரத்தில் அரை சென்டிமீட்டரை உணரும் முழங்கால்கள் உண்டு. 82 சென்டிமீட்டர் என்பது எந்த ஊர்க் கால்? நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கும் ஆண்களில் பலருக்கும் அந்த நீளம் கிடையாது. என் கால் அந்த எழுபதுக்கு அருகில் இருப்பது. சூத்திரங்கள் நெட்டையான உடல்களிடம் ஒத்துப்போகின்றன. குட்டையான உடல்களிடம் வந்ததும் தங்களுக்குள் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையின் நடுவே மாட்டிக்கொண்டது என் முட்டி.

இன்னொரு புனித விதியும் உண்டு. கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்போது முழங்காலிலிருந்து தூக்குநூல் விட்டால் அது பெடலின் அச்சில் விழ வேண்டும் என்பார்கள். கீத் பான்ட்ரகர் என்ற வடிவமைப்பாளர் இதை ஒரு கட்டுக்கதை என்றே தலைப்பிட்டு மறுத்தெழுதினார். சாய்ந்து படுத்து ஓட்டும் மிதிவண்டிகளில் முழங்கால் பெடலுக்கு மேலே இருப்பதே இல்லை. ஆனாலும் அவை நன்றாகத்தான் ஓடுகின்றன. புவியீர்ப்புக் கோட்டுக்கும் தசை வேலை செய்யும் விதத்துக்கும் நாம் கற்பித்துக்கொண்ட உறவு அது என்பது அவர் வாதம். தூக்குநூல் தொடங்குவதற்கு ஓர் இடம் தரலாம், தீர்ப்பு தராது.

நம் சிற்ப மரபிலும் உடலுக்குக் கணக்கு உண்டு. தாலம் என்கிறோம். முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்டு முழு உருவத்தையும் வகுப்பது. எந்த உருவத்துக்கு எத்தனை தாலம் என்று சிற்ப நூல்கள் கறாராகச் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு கல்லுக்கு. கல்லில் உள்ள இறைவிக்கு முழங்கால் வலிக்காது. உயிருள்ள உடலைக் கல்லைப்போல நடத்துவதுதான் அந்தக் காட்சியறையில் நடந்தது.

*

வலியோடு இருந்த நாட்களில் குண்டடம் சந்தைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைவீதியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பழைய சைக்கிள் கடை. பஞ்சர், பால்ரஸ், பிரேக் கட்டை, அவ்வளவுதான். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். என் வண்டியைப் போன்றதை அவர் அதிகம் தொட்டிருக்க மாட்டார். செயினுக்கு எண்ணெய் விடத்தான் போனேன். நான் காலைத் தாங்கி நடப்பதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"ஏனுங்க, முட்டி முன்னால வலிக்குதுங்களா, பின்னால வலிக்குதுங்களா?"

பின்னால் என்றேன்.

"அப்ப சீட்டு ஒசரமுங்க. முன்னால வலிச்சா தணிவு. ஏறி உக்காந்து குதிகாலப் பெடல்ல வையுங்க பாக்கலாம்."

குதிகால் பெடலை எட்டவில்லை. எட்டுவதற்காக இடுப்பை ஒரு பக்கம் இறக்கினேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கையை அரை விரற்கடை இறக்கினார். "ஒரே நாள்ல ரொம்ப எறக்கக்கூடாதுங்க. ஒரு வாரம் ஓட்டிப்போட்டு வாங்க." அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஹேண்டில்பாரைப் பார்த்து, "இது எதுக்குங்க இவ்வளவு தணிவு, பந்தயத்துக்கா போறீங்க?" என்றார். இல்லை என்றேன். அதைத் தூக்கி வைத்தார். கூலியாக முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இதைச் சொன்னதும் சிலர் மனத்தில் ஓடப்போவது எனக்குத் தெரியும்: 'பார்த்தீர்களா, படிக்காத கிராமத்து மேதை, கருவி தோற்றது, அனுபவம் வென்றது.' அந்தக் கதையை நான் சொல்லவில்லை. அதுவும் குரங்குப் பெடலைப் போன்ற இன்னொரு மயக்கம். அந்தப் பெரியவருக்குத் தெரியாதவை நிறைய உண்டு. பெடலோடு பூட்டும் காலணியின் கோணம் அவருக்குத் தெரியாது. ஒரு கால் நீளம் மற்றதைவிடக் குறைவாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கத் தெரியுமா என்பதும் ஐயமே. ஆனால் ஒரு நல்ல பொருத்துநர் செய்ய வேண்டிய முதல் வேலையை அவர் செய்தார். கேட்டார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் சொன்ன முன்-பின் விதியும் பட்டறையின் மூடநம்பிக்கை அல்ல. இருக்கை தாழ்வாக இருந்தால் முழங்கால் அதிகம் மடங்கிய நிலையிலேயே அழுத்தம் தர வேண்டியிருக்கிறது, முழங்கால் சில்லின் பின்னால் சுமை கூடுகிறது. உயரமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் எட்டி நீள்கிறது, பின்தசைகள் இழுபடுகின்றன, இடுப்பு ஆடுகிறது. இது முதல் தடயம் மட்டுமே. வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. முழங்கால் காயங்களை ஆராய்ந்த ஹோம்ஸ் குழுவினர் 1994இல் பரிந்துரைத்தது, பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை மடிப்பு. அவர்கள்கூட ஒற்றை எண்ணைச் சொல்லவில்லை. பத்து பாகை இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளிக்குள் எங்கே நிற்பது என்பதை முடிவுசெய்யத்தான் ஒரு மனிதர் தேவைப்படுகிறார்.

*

ஆக, எது நல்ல பொருத்துதல்? என் தொழிலிலிருந்தே விடை சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு டீ-சர்ட் கப்பலேறுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வெளிநாட்டு வாடிக்கையாளர் அளவுப் பட்டியல் அனுப்புவார். மார்பு, தோள், கை நீளம், கழுத்து அகலம் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அதன்படி ஒரு ஃபிட் சாம்பிள் தைத்து அனுப்புவோம். பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாகவே இருக்கும். ஆனாலும் அங்கே அதை ஓர் ஆளுக்கு அணிவித்து, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்ப்பார்கள். 'அக்குளில் இழுக்கிறது, கழுத்து பின்னால் எழும்புகிறது' என்று திருத்தம் வரும். மறுபடி தைப்போம், மறுபடி அணிவிப்பார்கள். பிறகு எல்லா அளவுகளிலும் ஒவ்வொன்று வைத்து சைஸ் செட் அனுப்ப வேண்டும். எண் சரியாக இருந்தும் உடை பொருந்தாமல் போகலாம் என்பதை இந்த ஊரின் கட்டிங் மாஸ்டரிலிருந்து கைமடிக்கும் பெண் வரை அனைவரும் அறிவார்கள். உடையைக் கட்டாயம் ஓர் உயிருள்ள உடல் அணிந்து அசைந்து பார்த்தாக வேண்டும்.

மிதிவண்டிப் பொருத்துதலும் இதுவேதான். நல்ல பொருத்துநர் முதலில் உட்காரவைத்துப் பேசுவார். இருநூறு கிலோமீட்டர் பிரவேயைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க நினைப்பவருக்கும், பால் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவருக்கும் ஒரே உட்காரும் நிலை பொருந்தாது. இரண்டாவதாக, வண்டியிலிருந்து இறக்கி உடலைப் பார்ப்பார். குனிந்தால் கை எதுவரை எட்டுகிறது, பாதம் உள்நோக்கிச் சரிகிறதா, எட்டு மணி நேரம் பவர் டேபிளில் குனிந்து தைத்த முதுகா இது என்று பார்ப்பார். மூன்றாவதாக, இருக்கையின் அகலத்தைச் சோதிப்பார். நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள். அவற்றின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். பெண்களுக்குப் பொதுவாக அகலம். எலும்பு தாங்காத இடத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் தாங்குகின்றன. கூச்சத்தால் யாரும் சொல்லாத மரத்துப்போதல் அங்கிருந்துதான் வருகிறது. அதைக் கூச்சமின்றிக் கேட்கத் தெரிந்திருப்பதும் அந்தத் தொழிலில் அடங்கும். பிறகு இருக்கை முன்னா பின்னா, ஹேண்டில்பார் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று வரிசையாக வருவார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. கடையின் அசையா வண்டியோடு நிறுத்தாமல் சாலைக்கு அனுப்புவார். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு தனி நியாயம் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு நேரே முகத்தில் அறையும். குண்டடத்திலிருந்து பல்லடம் நோக்கி ஓட்டும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரைக் காற்றே குனியவைத்துவிடும். அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் குனிந்திருக்க முடிகிற நிலைதான் இந்த ஊரில் சரியான நிலை. குளிரூட்டிய அறையின் திரைக்கு அந்தக் காற்று தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார். முடித்த அளவுகளை ஒரு தாளில் எழுதி உங்கள் கையில் கொடுப்பார். அவை உங்கள் உடலின் அளவுகள், அவரது கடையின் ரகசியம் அல்ல. கடைசியாக, சில சமயம் 'இந்த வண்டி உங்களுக்கு ஆகாது, இதை எப்படிப் பொருத்தினாலும் வராது' என்று சொல்லும் நேர்மை இருக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அதற்குப் பதிலாக உதிரிபாகம் விற்பவர் வியாபாரி. அவரைப் பொருத்துநர் என்று அழைக்காதீர்கள்.

*

இவ்வளவையும் கியர் வண்டி வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்காக மட்டும் சொல்லியிருந்தால் நண்பரின் கேலி நியாயமாகிவிடும். எனக்கு உறுத்துவது வேறு.

தமிழ்நாட்டில் 2001-02இல் மேல்நிலை வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி தரும் திட்டம் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் மேல்நிலை மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிந்தது. நான் தயக்கமில்லாமல் ஆதரிக்கும் திட்டங்களில் ஒன்று. எங்கள் ஒன்றியத்தைப் போன்ற வறண்ட, ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் பகுதிகளில் ஒரு பெண் பிளஸ் டூ முடிப்பதா, பதினாறு வயதில் நூற்பாலைக்குப் போவதா என்பதைச் சில சமயம் ஒரு மிதிவண்டி தீர்மானித்திருக்கிறது.

ஆனால் எப்படித் தருகிறோம்? மாணவர்களுக்கு ஒரு வகை, மாணவிகளுக்கு ஒரு வகை. வரிசையாக நிறுத்துகிறோம். விழா. புகைப்படம். பெயர் கூப்பிட்டதும் வந்து பெற்றுக்கொண்டு உருட்டிப் போகிறார்கள். நாலடி எட்டங்குலப் பெண்ணும் ஐந்தடி ஆறங்குலப் பெண்ணும் ஒரே வண்டியை ஒரே இருக்கை உயரத்தில் பெறுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் பிள்ளை. வண்டி வந்து மூன்று மாதமாகியும் அது வீட்டுத் திண்ணையோரம் நின்றது. பேருந்தில்தான் போனாள். கேட்டால், "பயமா இருக்குதுங்க மாமா, நிறுத்தினா கால் எட்ட மாட்டேங்குது" என்றாள். வண்டியை அந்தச் சந்தைக் கடைக்கே உருட்டிப் போனோம். பெரியவர், "ஏறு கண்ணு" என்றார். இருக்கையை அடிவரை இறக்கினார். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பி அருகே கொண்டுவந்தார். இரண்டு மூன்று நிமிடம்தான். முழுதாகப் பொருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன்; அந்தச் சட்டமே அவளுக்குப் பெரியது. ஆனால் நிறுத்தும்போது இரு முன்பாதங்களும் தரையைத் தொட்டன. மறுநாள் பள்ளிக்கு அதில் போனாள். மூன்று மாதம் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவைத்தது ஒரு நட்டு. அதைத் தளர்த்தலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் தெரியுமா? தனக்கு சைக்கிள் வராது என்று. வண்டியின் குறையைத் தன் உடலின் குறையாக எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கான மிதிவண்டித் திட்டத்தில் இரண்டாயிரம் ரூபாயைப் பணமாகக் கொடுத்தார்கள். வண்டியைக் குடும்பம் கடையில் வாங்கிக்கொண்டது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து, உயர்நிலை வகுப்பில் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். அந்த ஆய்வு வண்டியின் அளவைப் பற்றியதல்ல. ஆனால் கடையில் வாங்குகிற பெண்ணுக்கு ஏறிப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. நம் திட்டத்தில் அந்த வாய்ப்பே இல்லை.

புதுக்கோட்டையை நினைத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களைப் பெரும் எண்ணிக்கையில் மிதிவண்டியில் ஏற்றியது. பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். அவர்களில் சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள் என்று பி. சாய்நாத் பதிவுசெய்கிறார்: இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையில் உள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா! தங்கள் வாழ்க்கைக்கு எது பொருந்தும் என்பதை அவர்கள் தாங்களே முடிவுசெய்தார்கள். பொருத்துதல் என்ற சொல்லின் முழுப் பொருள் அங்கே இருக்கிறது. வண்டியில் ஏறுபவரிடம் கேட்பது.

நான் கோருவது பெரிதல்ல. மிதிவண்டி வழங்கும் நாளில் பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில் உள்ளூர் சைக்கிள் கடைக்காரர் ஒருவர், ஒரு ஸ்பேனர், ஒரு எண்ணெய்ப் புட்டி. ஆளுக்கு மூன்று நிமிடம். அறுபது பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம். மேடைப் பேச்சைக் கொஞ்சம் குறைத்தால் நேரம் கிடைக்கும். அடுத்த கட்டமாக, கொள்முதல் செய்யும்போதே சட்டத்தில் குறைந்தது இரண்டு அளவுகள். பிள்ளைகளின் உயரம் பள்ளியில் பதிவேட்டிலேயே எழுதப்படுகிறது, புதிதாக அளக்கவும் வேண்டாம்.

'இரண்டு அளவு என்றால் கொள்முதலும் விநியோகமும் சிக்கலாகும்' என்பது எதிர்வாதம். வேறு ஊர்க்காரர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். ஸ்மாலும் மீடியமும் லார்ஜும் எக்ஸ்ட்ரா லார்ஜும் பிரித்து, பெட்டி பெட்டியாக எண்ணி, முகம் தெரியாத வெளிநாட்டு உடல்களுக்காக மார்பளவில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் பிரித்துத் தைக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்ல முடியும்? ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீட்டுக்குப் போகும் செக்கிங் பெண், நாள் முழுவதும் மற்றவர் அளவைச் சரிபார்த்துவிட்டு, தனக்குப் பொருந்தாத வண்டியில்தான் ஏறி அமர்கிறாள்.

மூத்த நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நீங்கள் குண்டடம் வரும்போது என் வீட்டு வண்டியில் ஏறிப் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வையுங்கள். இருக்கை உயரமா தணிவா என்று நான் சொல்ல மாட்டேன். முட்டி எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்பேன்.